ஆளில்லாத காணியா சம்பூர்?

பொய்களில் இரு வகை உண்டு. ஒன்று, வாயால் சொல்லப்படுவது. அதைக் கேட்டவர் மறுத்துவிடலாம். மற்றது, வரைபடம், அட்டவணை, ஒப்பம் ஆகியவற்றோடு அரச காரியாலயத்தில் சமர்ப்பிக்கப்படுவது. அதை மறுக்க வேண்டுமானால் அதன் பாஷையைக் கற்க வேண்டும், அதற்குரிய தவணைக்குள் எழுத வேண்டும், எழுதியதை யாராவது வாசிப்பார்கள் என்று நம்பவும் வேண்டும். கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூர் மக்கள்மீது ஏவப்பட்டது இந்த இரண்டாம் வகைப் பொய்யே.

இந்திய தேசிய அனல் மின் கூட்டுத்தாபனமும் இலங்கை மின்சார சபையும் 2006இல் உடன்பட்டு, 2011இல் கூட்டுக் கம்பனி அமைத்து, சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்ட முனைந்தன. அதற்கான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை 2015இன் தொடக்கத்தில் பொதுமக்கள் கருத்துக்காக வைக்கப்பட்டது. திட்டத்துக்காக வாதாடியோர் ஓயாமல் ஓதிய மந்திரம் ஒன்றுண்டு: இது வெறும் நிலம், இங்கு எவரையும் எழுப்பவில்லை.

எவரையும் எழுப்பவில்லையாம்! எழுப்பப்பட வேண்டியவர்கள் ஏற்கெனவே எழுப்பப்பட்டிருந்தார்கள் என்பதல்லவா உண்மை? 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கும் எறிகணைகளுக்கும் அஞ்சிச் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, சூடைக்குடா மக்கள் ஓடினர். 2007 மே மாதம் அவ்வூர்கள் உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்டன. பின்னர் 818 ஏக்கர் கைத்தொழில் வலயமெனத் தனியாருக்கு ஒதுக்கப்பட்டது. ஊர்க்காரர் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் கட்டைபறிச்சானிலும் தகரக் கூரைகளின்கீழ் ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தனர். அந்த வேளையில் அளவை செய்தால் நிலம் வெறுமையாகத்தானே தெரியும்? வீட்டுக்காரனைத் துரத்திவிட்டு, வீட்டில் ஆளில்லை என்று சான்றிதழ் எழுதுவது எந்த நாட்டு நியாயம்?

1660இல் சிறைபிடிக்கப்பட்ட ஆங்கிலேயன் ராபர்ட் நொக்ஸைச் சரித்திரப் புத்தகங்கள் அறியும். அவனுடைய கப்பல் பாய்மரம் முறிந்து, அதைச் செப்பனிடவும் இடையில் வாணிபம் செய்யவும் இதே கொட்டியாரத்துக்கு வந்தது. ஆளில்லாக் கரையில் யாருடன் வாணிபம் செய்ய வந்தார்கள் என்பதைத் திட்டக்காரர்கள்தாம் விளக்க வேண்டும்.

அடுத்தது கடல். கொட்டியாரக் குடாவில் நீரை உறிஞ்சி, இயந்திரங்களைக் குளிர்வித்தபின் ஷெல் குடாவில் விடுவது திட்டம். கடல் பெரிது, சிறிது வெந்நீர் அதை என்ன செய்யும் என்பது வாதம். நாம் கணக்கை எளிய முறையில் வைப்போம். இத்தகைய நிலையத்தில் எரியும் நிலக்கரியின் சக்தியில் நூற்றுக்கு நாற்பது பங்குகூட மின்சாரமாவதில்லை. புகைபோக்கி வழியே போவது ஒரு சிறு பங்கு. எஞ்சியதன் பெரும்பகுதி குளிர்நீரோடு கடலைச் சேரும். அதாவது கம்பியில் ஓடும் மின்சாரத்தைவிடக் கடலில் கொட்டும் வெப்பமே அதிகம். ஓயாமல், இரவும் பகலும். அது போய் விழும் இடம் ஆழ்சமுத்திரமன்று, கரையோரக் குடா. நீரை உறிஞ்சும் குழாய் மீன்முட்டையையும் இறால் குஞ்சையும் விலக்கிவிட்டு நீரை மட்டும் எடுப்பதுமில்லை. மகாவலி வந்து கலக்கும் இக்குடாவில் வலைவீசி மூதூரிலும் கிண்ணியாவிலும் சம்பூரிலும் அடுப்பெரிகிறது. அங்கே தமிழ் மீனவன், முஸ்லிம் மீனவன் என்று வெந்நீர் பார்ப்பதில்லை. இனத்தின் பேரால் நம்மைப் பிரித்து வைத்திருப்போர் இதைக் கவனிக்க மாட்டார்கள். நாம் கவனிக்க வேண்டும்.

சாம்பலுக்கு வருவோம். ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ 400 கிராம் நிலக்கரி தேவை. 500 மெகாவாட் முழுவீச்சில் ஓடினால் மணிக்கு 200 தொன், நாளுக்கு 4,800 தொன். பத்திலொரு பங்கு சாம்பலென்றாலும் நாள்தோறும் 480 தொன். சீமெந்துக்காரர் வாங்கிக்கொள்வார் என்பது பதில். வாங்காத நாளில், காற்றடிக்கும் நாளில் எங்கே போகும்? 2011இல் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலையின் தோட்டக்காரர்களைக் கேட்டால் தெரியும். மலிவான மின்சாரம் என்றதையும் அங்கேதான் சோதிக்க வேண்டும்: ஒரு கட்டி நிலக்கரியும் விளையாத நாட்டில், கப்பலுக்கும் டொலருக்கும் காத்திருப்பது மலிவா?

1988இல் திருத்தப்பட்ட தேசிய சுற்றாடல் சட்டம் பொதுமக்களுக்குக் கொடுத்திருப்பது 30 நாட்கள். அறிவித்தல் மும்மொழியிலும் வரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அறிவித்தலைப் படித்தவனுக்கு அறிக்கை விளங்கவேண்டும் என்று சொல்லவில்லை. முகாமிலிருந்த கமக்காரன் சல்பர் டயொக்சைட் அட்டவணையை 30 நாளில் படித்து எதிர்வாதம் எழுதுவானாம்! எனினும் மக்கள் எழுதினார்கள், திருகோணமலை வீதிகளில் நின்றார்கள், வழக்கும் தொடரப்பட்டது. 2016 செப்டெம்பரில் சம்பூரில் அந்நிலையம் கட்டப்படமாட்டாது என்று உயர் நீதிமன்றத்தில் அரசு தெரிவித்தது. 2015இலும் 2016இலும் காணிகளில் ஒரு பகுதிக்கு மக்கள் திரும்பியும் இருந்தனர். யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததன்று அது.

ஆனால் நிலக்கரிக்கென எடுக்கப்பட்ட நிலம் நிலக்கரியோடு போய்விடவில்லை. அதில் இப்போது சூரிய மின்நிலையம் வருகிறது. 120 மெகாவாட் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் அங்குரார்ப்பணம் நடந்தது. சூரிய மின்சாரத்தை நாம் வரவேற்கிறோம். நிலக்கரிப் புகைக்கு எதிராக எழுதியவர்கள் அதை எதிர்ப்பார்களா? ஆயினும் கண்ணாடித் தகடு வெறும் நிலம் என்ற பழைய வாசகத்தைச் சுத்தம் செய்துவிடாது. திட்டத்தைச் சமர்ப்பிக்கும் எவரும், 2006 ஏப்ரலுக்கு முன் ஒவ்வொரு துண்டிலும் யார் விதைத்தார், யார் வீடு கட்டினார், யாரிடம் உறுதியிருந்தது என்பதைத் தமிழில் எழுதி, சம்பூரிலும் மூதூரிலும் பகிரங்கமாக ஒட்ட வேண்டும். மின்சார சபைக்கு இது பெரிய வேலையன்று. ஏக்கர் கணக்கைத் துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு ஆட்கணக்கும் தெரியாமல் போகாது.