எட்டு ரூபாயில் நிற்கும் அங்கன்வாடி

ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள ஒரு குழந்தைக்கு, அங்கன்வாடியில் ஒரு நாள் ஊட்டச்சத்து உணவுக்கு மத்திய அரசின் விதி ஒதுக்கும் தொகை 8 ரூபாய். கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தை என்றால் 12 ரூபாய். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 9 ரூபாய் 50 காசு. இந்தத் தொகைகள் 2017இல் நிர்ணயிக்கப்பட்டவை. அதன் பிறகு பருப்பு, எண்ணெய், காஸ் சிலிண்டர் என்று எல்லாமே விலை ஏறிவிட்டன. நாமக்கல்லில் ஒரு முட்டையின் பண்ணைக் கொள்முதல் விலையே 2025 நவம்பரில் 6 ரூபாயைத் தாண்டியது. ஆனால் 2025 பிப்ரவரியில் நிதிநிலை அறிக்கை வாசிக்கப்பட்ட நாள் வரை அந்த எட்டு ரூபாய் மாறவே இல்லை.

அதிலும் மத்திய அரசு தருவது பாதி, அதாவது 4 ரூபாய்.

குழந்தைகள் நலத்துக்கான நிதி வெட்டப்படுகிறது என்றால் மையங்கள் பூட்டப்படும், ஊழியர்கள் வேலை இழப்பார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். இங்கே பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. தொகையை உயர்த்தாமல் விடுவதிலேயே வெட்டு விழுந்துவிடுகிறது. ஒவ்வோர் ஆண்டு விலைவாசியும் அதை ஆழமாக்குகிறது. இதற்கு அரசாணை வேண்டாம், அறிவிப்பு வேண்டாம். அதனால் எதிர்ப்பும் வருவதில்லை. மேல்தட்டில் எந்தக் கையெழுத்தும் இல்லாமல் நடக்கும் இந்த வெட்டின் சுமை, கடைசியில் பால்வாடி டீச்சரின் தலையிலும் ஆயாம்மாவின் தலையிலும்தான் இறங்குகிறது.

ஒரே ஒரு முறை வெட்டு வெளிப்படையாகவே விழுந்தது. அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்துக்கு 2014–15இல் 18,000 கோடி ரூபாய்க்கு மேல் இருந்த ஒதுக்கீடு, 2015–16 நிதிநிலை அறிக்கையில் 8,300 கோடி ரூபாய் அளவுக்குச் சரிந்தது. பதினான்காவது நிதிக்குழு வரிவருவாயில் மாநிலங்களின் பங்கை 32 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்த்தியிருப்பதால், மீதியை மாநிலங்களே பார்த்துக்கொள்ளலாம் என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். துறை அமைச்சராக இருந்த மேனகா காந்தியே இந்தக் குறைப்பைப் பற்றிக் கவலை தெரிவித்ததாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. எதிர்ப்பு பலமானதும், ஆண்டின் நடுவிலேயே துணை மானியக் கோரிக்கைகள் வழியாகப் பெரும்பகுதி திரும்பி வந்தது. பேரளவில் வெட்டினால் சத்தம் எழும் என்பது அன்று தெரிந்தது. அதற்குப் பின் வந்தவை எல்லாம் சத்தமில்லாத குறைப்புகள்.

திட்ட அலுவலர்கள், மேற்பார்வையாளர்கள் உள்ளிட்ட நிரந்தரப் பணியாளர்களின் சம்பளத்தில் மத்திய அரசின் பங்கு 2017 டிசம்பர் முதல் 25 சதவீதமாகக் குறைந்தது. அங்கன்வாடிப் பணியாளருக்கான மதிப்பூதியம் 2018 அக்டோபரில் மாதம் 4,500 ரூபாய் என்றும், உதவியாளருக்கு 2,250 ரூபாய் என்றும் நிர்ணயிக்கப்பட்டது. 2025–26 நிதிநிலை அறிக்கை வந்தபோதும் அதே தொகைதான். அந்த 4,500 ரூபாயிலும் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம் மட்டுமே. ஒரு ஊரின் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு டெல்லியிலிருந்து வருவது ஒரு நாளைக்கு 90 ரூபாய். 2022 ஏப்ரலில் நீதிபதிகள் அஜய் ரஸ்தோகி, அபய் எஸ். ஓகா அமர்வு, அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. இது வெறும் பகுதிநேரத் தொண்டு என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் ‘மதிப்பூதியம்’ என்ற பெயரும் அந்தத் தொகையும் தொடர்ந்தன.

இணைப்பு என்ற பெயரிலும் ஒரு குறைப்பு நடந்தது. 2020–21 நிதிநிலை அறிக்கையில் அங்கன்வாடி சேவைகளுக்கு 20,532 கோடி ரூபாயும் தேசிய ஊட்டச்சத்து இயக்கமான போஷன் அபியானுக்கு 3,700 கோடி ரூபாயும் ஒதுக்கப்பட்டன. இரண்டும் சேர்த்து 24,232 கோடி. அடுத்த ஆண்டு இவற்றோடு வேறு திட்டங்களும் சேர்ந்து ‘சக்ஷம் அங்கன்வாடி – போஷன் 2.0’ என்று ஒன்றாயின. ஒதுக்கீடு 20,105 கோடி. 2025–26இல் கிடைத்ததும் 21,960 கோடிதான். ஐந்து ஆண்டு விலைவாசி ஏற்றத்துக்குப் பிறகும் பழைய தொகையை எட்டவில்லை.

குழந்தைகள் காப்பகங்களின் கதை இதைவிட வேதனையானது. வயல் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போகும் தாய்மார்களின் கைக்குழந்தைகளுக்காக 2006இல் தொடங்கியது ராஜீவ் காந்தி தேசியக் காப்பகத் திட்டம். நாடு முழுவதும் 20,000க்கு மேற்பட்ட காப்பகங்கள் இயங்கிய காலம் உண்டு. 2017இல் பெயர் மாறி, செலவில் ஒரு பகுதி மாநிலங்களுக்கு மாறியது. அந்த ஆண்டு 200 கோடி ரூபாயாக இருந்த ஒதுக்கீடு, அடுத்த ஆண்டு 128 கோடி, அதற்கடுத்த ஆண்டு 50 கோடி என்று இறங்கியது. 2020 வாக்கில் எஞ்சியிருந்தவை 7,000க்கும் குறைவு. இங்கே மட்டும் பூட்டுகள் உண்மையிலேயே விழுந்தன. கூலி வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளுக்காகக் குரல் கொடுக்க எவரும் இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை. இப்போது ‘பால்னா’ என்ற பெயரில் 17,000 அங்கன்வாடிகளைக் காப்பகங்களாகவும் மாற்றப்போவதாக மத்திய அரசு சொல்கிறது. அந்த இலக்கு முழுதும் நிறைவேறினால்கூட, முன்பு இருந்த எண்ணிக்கை திரும்ப வராது.

தமிழ்நாட்டில் இந்தச் சேவைகள் இன்னும் தாக்குப்பிடித்து நிற்கின்றன என்றால், மாநிலம் தன் பையிலிருந்து கொடுப்பதுதான் காரணம். 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஊர் ஊராகப் போய்க் கைக்குழந்தைகளை எடைபோடும் வழக்கம் அப்போதே இங்கே வேரூன்றியது. 1982 ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது பணம் எங்கே என்று கேட்டவர்கள் நிறைய பேர். அடுத்தடுத்து வந்த எந்த ஆட்சியும் அதைக் கைவிடவில்லை. இன்று 54,439 அங்கன்வாடி மையங்களில் வாரத்துக்கு மூன்று முட்டை, வகைவகையான சாதம், சத்துமாவு எல்லாம் கிடைக்கின்றன. பணியாளருக்கு மதிப்பூதியம் இல்லை. முதல் ஓராண்டு 7,700 ரூபாய் தொகுப்பூதியம், அதன் பிறகு சிறப்புக் காலமுறை ஊதியம். இதில் பெரும்பகுதியை ஏற்பது மாநில அரசு.

அதற்காக மாநில அரசு தன் பொறுப்பை முடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2025 ஏப்ரலில் 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களை நிரப்ப அறிவிப்பு வந்தது. அவற்றில் 3,886 பணியாளர் இடங்கள், 3,592 உதவியாளர் இடங்கள். இத்தனை இடங்கள் ஒரே நாளில் காலியாகவில்லை. நிரப்பாமல் விட்ட ஒவ்வொரு மாதமும் அரசுக்குச் சம்பளம் மிச்சம். மையத்தில் நடந்தது என்ன என்பதை எந்தக் கிராமத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒரே பணியாளர் பக்கத்து ஊர் மையத்தையும் ‘கூடுதல் பொறுப்பாக’ப் பார்த்திருப்பார். உதவியாளர் இல்லாத மையத்தில் டீச்சரே அடுப்பு பற்றவைத்து, காய் நறுக்கி, பாத்திரம் கழுவி, குழந்தைகளைக் கழிப்பறைக்கும் அழைத்துப் போயிருப்பார். காஸ் சிலிண்டருக்கு முழுத் தொகை வேண்டும் என்பது ஊழியர் சங்கங்கள் தொடர்ந்து முன்வைக்கும் கோரிக்கை. ஒதுக்கிய பணம் போதாதபோது மளிகைக் கடையில் டீச்சரின் பெயரில் கணக்கு எழுதப்படுகிறது.

வேலை மட்டும் கூடிக்கொண்டே போகிறது. எடை, உயரம் அளந்து பதிவு செய்ய வேண்டும். கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் போய்வர வேண்டும். தடுப்பூசி நாளில் கிராம சுகாதாரச் செவிலியருடன் நிற்க வேண்டும். 2021 மார்ச் முதல் எல்லாவற்றையும் ‘போஷன் டிராக்கர்’ செயலியில் ஏற்ற வேண்டும். 2025 ஜூலை முதல், வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவு போன்ற பொருள்களுக்கு முகப் பதிவு கட்டாயம். 2025 நவம்பரில் தமிழகத்தில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக வீடு வீடாக அலைந்தவர்களிலும் அங்கன்வாடிப் பணியாளர்கள் பலர் இருந்தார்கள். இத்தனைக்கும் நடுவில், மூன்று வயதுக் குழந்தைக்குப் பாட்டும் கதையும் சொல்லித்தர எவ்வளவு நேரம் மிஞ்சும்?

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே விடை கிடைத்திருக்கிறது. பொருளியலாளர்கள் அலெஹாண்ட்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் மாநில அரசோடு சேர்ந்து நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பாதி மையங்களுக்கு, முன்பருவக் கல்விக்கென்று அரை நாள் வேலை பார்க்கும் ஒரு பெண் கூடுதலாக நியமிக்கப்பட்டார். மாற்றம் அந்த ஒன்றுதான். ஒன்றரை ஆண்டில் அந்த மையங்களில் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் நேரம் இரு மடங்கானது. கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள். ஆய்வாளர்கள் கண்ட இன்னொரு பலன் இன்னும் முக்கியமானது. பாடவேளை கையைவிட்டு இறங்கியதும், ஏற்கெனவே இருந்த பணியாளர் ஊட்டச்சத்துப் பணிகளுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தார். வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தைகளும் குறைந்தார்கள். செலவைவிடப் பலன் மிக அதிகம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

அரை நாள் கூடுதல் கை ஒன்று இவ்வளவு கொடுக்கிறது என்றால், காலியாகக் கிடக்கும் ஒவ்வோர் இடமும் குழந்தைகளிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதையும் இந்த ஆய்விலிருந்தே ஊகிக்கலாம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ரத்தசோகை உள்ள குழந்தைகள் 50.7 சதவீதத்திலிருந்து 57.4 சதவீதமாகக் கூடியிருக்கிறார்கள். மருத்துவ வசதியில் முன்னணியில் இருப்பதாகப் பெருமைப்படும் மாநிலத்தின் கணக்கு இது.

வெட்டிய பிறகு என்ன ஆகும் என்று பார்க்க விரும்புபவர்களுக்கு இங்கிலாந்தின் அனுபவம் இருக்கிறது. டோனி பிளேர் அரசு 1999இல் தொடங்கிய ‘ஷ்யூர் ஸ்டார்ட்’ மையங்கள், ஏழைக் குடும்பங்கள் வாழும் பகுதிகளில் மருத்துவ ஆலோசனை, குழந்தை வளர்ப்பு உதவி, முன்பருவக் கல்வி, பெற்றோருக்கு வேலை தேட உதவி எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொடுத்தன. 2010இல் ஏறக்குறைய 3,600 மையங்கள் இருந்தன. பிறகு வந்த சிக்கன ஆட்சியில் நிதி மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. ஆயிரத்துக்கும் அதிகமான மையங்கள் மூடப்பட்டன. லண்டனில் உள்ள ஐ.எஃப்.எஸ். என்ற நிதியாய்வு நிறுவனம் அந்தக் குழந்தைகளின் வாழ்க்கையைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தது. மையங்களுக்கு அருகில் வளர்ந்த ஏழைக் குழந்தைகள் பதினாறு வயதுப் பொதுத்தேர்வில் மூன்று கிரேடு அளவுக்கு மேலே இருந்தார்கள். மருத்துவமனையில் சேர வேண்டிய தேவையும் குறைந்திருந்தது. செலவிட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் இரண்டு பவுண்டு அளவுக்குப் பலன் என்று 2025இல் அந்நிறுவனம் கணக்கிட்டது. இந்த ஆய்வுகள் வெளிவந்த காலத்தில் மையங்கள் மூடிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. 2025 ஜூலையில் அந்நாட்டு அரசு 1,000 குடும்ப மையங்களைத் திறக்கப்போவதாக அறிவித்தது; இடைப்பட்ட ஆண்டுகளில் பிறந்து வளர்ந்துவிட்ட குழந்தைகளுக்கு அதனால் பயன் இல்லை.

இந்தியாவில் தீர்வு அவ்வளவு கடினம் அல்ல. பள்ளி மதிய உணவுக்கான தொகையை ஊரகத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டைப் பார்த்து மத்திய அரசே உயர்த்துகிறது. தொடக்கப் பள்ளி மாணவருக்கு 2022 அக்டோபரில் 5 ரூபாய் 45 காசாக இருந்தது, 2024 டிசம்பரில் 6 ரூபாய் 19 காசு ஆனது, 2025 மே மாதத்தில் 6 ரூபாய் 78 காசு ஆனது. அது போதுமா என்பது தனிக் கேள்வி. விலை ஏறும்போது தொகையும் ஏற வேண்டும் என்ற விதியாவது அங்கே இருக்கிறது. அதே தெருவில், அதே வீட்டில் இருக்கும் தம்பிக்கு மட்டும் அந்த விதி பொருந்தாது என்பதை எந்த நியாயத்தாலும் விளக்க முடியாது. பெரியவனைவிடச் சின்னவனுக்குத்தான் உணவு வளர்ச்சியைத் தீர்மானிக்கும் வயது.

ஊட்டச்சத்து உதவிக்கான தொகை தக்கவாறு உயர்த்தப்படும் என்று 2025–26 நிதிநிலை உரையில் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். எட்டுக் கோடிக்கும் அதிகமான குழந்தைகள் பயன்பெறுவதாகவும் அதே உரையில் சொன்னார். ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்து, ஒரு குழந்தைக்கு ஒரே ஒரு ரூபாய் கூட்டினால் மத்திய அரசின் பாதிப் பங்கு மட்டும் 1,200 கோடி ரூபாய் ஆகும். ஆனால் அந்த ஆண்டு இந்தத் திட்டத்துக்கு மொத்தமாகவே கூடுதலாகக் கிடைத்தது, முந்தைய ஆண்டின் 21,200 கோடியோடு ஒப்பிட்டால், 760 கோடி. அறிவித்த வாக்கைக் காப்பாற்றும் பணம் அந்த அறிக்கையில் வைக்கப்படவில்லை.

எனவே கேட்க வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. அங்கன்வாடி உணவுத் தொகை பள்ளி மதிய உணவைப் போல் விலைக் குறியீட்டோடு இணைக்கப்பட வேண்டும். மதிப்பூதியத்தில் மத்திய அரசின் பங்கும் அதே முறையில் உயர வேண்டும். தமிழக அரசு காலியிடங்களை ஆண்டுதோறும் நிரப்ப வேண்டும். தன் மண்ணிலேயே நிரூபிக்கப்பட்ட அந்த அரை நாள் ஆசிரியரை எல்லா மையங்களுக்கும் கொடுக்க வேண்டும். தமிழகத்தின் 39 மக்களவை உறுப்பினர்களும் கட்சி வேறுபாடு பார்க்காமல் அடுத்த நிதிநிலை விவாதத்தில் இந்த எட்டு ரூபாயைப் பற்றிப் பேச வேண்டும். அவர்களைப் பேசவைக்க வேண்டியவர்கள் அவர்களுக்கு வாக்களித்த நாம்தான்.