சித்திரை வெயிலும் சைக்கிளோட்டமும்

சித்திரைப் புத்தாண்டு அண்மிக்கும்போது நம் நாட்டு ஊர்களிலே விளையாட்டு விழா அறிவித்தல்கள் மதில்களில் ஏறிவிடுகின்றன. கயிறிழுத்தல், முட்டி உடைத்தல், மரதன் ஓட்டம் என்பவற்றோடு துவிச்சக்கரவண்டி ஓட்டப் போட்டியும் தவறாது இடம்பெறும். ஐம்பது கிலோமீற்றர், நூறு கிலோமீற்றர் என்று தூரம் கூடக்கூட வெற்றியின் மதிப்பும் கூடுகின்றது. பாடசாலை விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரை வீதியிலே பறக்கும் இளைஞனைக் கண்டால், ‘இவன் இம்முறை போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டான்’ என்று ஊரார் அறிந்துகொள்வர். அந்த இளைஞனுக்கும், அவனைப் பெற்றவர்களுக்கும், போட்டியை நடத்தும் சனசமூக நிலையத்தாருக்கும் இவ்வாரம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம்.

இப்போட்டிகள் நடைபெறும் காலத்தை முதலிலே கவனிக்க வேண்டும். ஏப்ரல் மாதத்தின் முதல் இரு வாரங்களில், தெற்கிலிருந்து வடக்காக, நம் தீவின் ஒவ்வோர் ஊருக்கும் நேர் உச்சியிலே சூரியன் வருகின்றான். யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு அவன் உச்சங் கொடுப்பது ஏறக்குறையப் புத்தாண்டு தினத்திலேயே. பருவக் காற்று ஒன்று ஓய்ந்து மற்றையது எழாத இடைவேளையாதலால் காற்றும் பெரிதும் அடங்கிக் கிடக்கும். சுற்றிலும் கடல் சூழ்ந்திருப்பதால் வளியிலே ஈரம் நிறைந்திருக்கும். வெயில், புழுக்கம், காற்றின்மை ஆகிய மூன்றும் ஒருங்கு கூடும் நாளையே நாம் கடும் ஓட்டத்திற்குத் தெரிந்தெடுத்திருக்கின்றோம்.

சைக்கிளோட்டக்காரனின் உடலிலே நடப்பது என்ன? அவனுடைய தசைகள் செலவிடும் சக்தியில் நூற்றுக்கு இருபது அல்லது இருபத்தைந்து பங்கே சில்லைச் சுழற்றப் பயன்படுகின்றது. எஞ்சியது முழுவதும் வெப்பமாக மாறுகின்றது. அந்த வெப்பத்தை வெளியேற்ற உடலுக்கு உள்ள தலையாய வழி வியர்வையாகும். ஒரு லீற்றர் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தைத் தன்னோடு கொண்டு செல்கின்றது. ஆனால் அது ஆவியாக வேண்டும். மேனியிலிருந்து சொட்டி வீதியிலே விழும் வியர்வையால் உடலுக்குக் குளிர்ச்சி இல்லை. நீரும் உப்பும் நட்டமாவதே கண்ட பலன். நம் நாட்டுப் புழுக்கத்தின் கொடுமை இதுதான். வளி ஏற்கனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால் வியர்வை உலர மறுக்கின்றது.

பிரித்தானிய உடற்றொழிலியல் அறிஞர் ஹால்டேன் இவ்வுண்மையை 1905 ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். மனிதன் எவ்வளவு வெப்பத்தைத் தாங்குவான் என்பதைச் சாதாரண வெப்பமானி காட்டாது. குமிழிலே ஈரத்துணி சுற்றிய வெப்பமானியே காட்டும் என்பது அவருடைய முடிபு. அசையாத காற்றிலே ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறக்குறைய 31 பாகை செல்சியசைக் கடந்தால், சும்மா இருப்பவனுடைய உடல் வெப்பமும் ஏறத் தொடங்கும் என்று அவர் கண்டார். உழைப்பவனுக்கு அந்த எல்லை இன்னும் கீழே இறங்கிவிடும். எங்கள் மாணவர்கள் விஞ்ஞான கூடத்திலே ஈரக்குமிழ் வெப்பமானியைப் பார்த்து அட்டவணை நிரப்புகின்றனர். அதே கருவியை விளையாட்டு மைதானத்திலே ஒரு மரநிழலில் தொங்கவிட்டால் பாடம் உயிர் பெறும்.

வெப்பத்தை அலட்சியஞ் செய்தால் நேர்வது என்ன என்பதற்கு வரலாற்றிலே ஒரு துயரச் சான்று உண்டு. 1960 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26 ஆந் திகதி, உரோமாபுரி ஒலிம்பிக் விழாவிலே, 100 கிலோமீற்றர் குழுச் சைக்கிளோட்டம் கடும் வெயிலில் நடைபெற்றது. ஒரு நாட்டுக்கு நால்வர் ஓடுவர். அவர்களுள் மூவராவது முடிவெல்லையைத் தாண்ட வேண்டும். டென்மார்க்குக் குழுவில் ஒருவர் வெயிலால் தாக்குண்டு முதற் சுற்றோடு விலகிவிட்டார். எஞ்சிய மூவருள் இருபத்துமூன்று வயதினரான குனுட் எனமார்க் யென்சன் தளர்ந்து தள்ளாடத் தொடங்கினார். அவரும் விலகினால் குழுவே தோற்றுவிடும். தோழர் இருவரும் இரு பக்கமும் அவரைத் தாங்கிப் பிடித்து நீர் தெளித்து ஓட்டிச் சென்றனர். சிறிது தேறியவர்போலத் தோன்றவே பிடியை விட்டனர். அவர் வீதியிலே விழுந்து மண்டை உடைந்து அன்றே உயிர் நீத்தார். அவர் ஏதோ மருந்து உட்கொண்டிருந்தார் என்ற விவாதம் பின்னர் நெடுங்காலம் நடந்தது. அது எவ்வாறாயினும், நிறுத்த வேண்டிய வேளையிலே நிறுத்த இயலாதவாறு போட்டியின் விதியே அக்குழுவைக் கட்டிப்போட்டிருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

அஞ்சி ஒதுங்குவதற்காக இதனைக் கூறவில்லை. வெயிலுக்குப் பழகும் அரிய ஆற்றல் மனித உடலுக்கு உண்டு. நாள்தோறும் அளவோடு வெப்பத்தில் உழைத்துவந்தால், ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் உடல் தன்னை மாற்றி அமைத்துக்கொள்கின்றது. குருதியின் நீர்ப்பகுதி பெருகுகின்றது. அதனால் இதயத்தின் வேலை இலேசாகின்றது. வியர்வை முன்னரிலும் விரைவாகவும் மிகுதியாகவும் சுரக்கின்றது. அதிலே கலந்து வெளியேறும் உப்போ குறைகின்றது. ஆயினும் இப்பழக்கம் நிலையானதன்று. வெயிலை விட்டு விலகியிருந்தால் இரண்டு மூன்று வாரங்களிலே பெரும்பகுதி கரைந்துவிடும். நுவரெலியாக் குளிரிலிருந்து சமவெளிப் போட்டிக்கு இறங்கிவரும் இளைஞரும், ஐரோப்பாவிலிருந்து விடுமுறைக்கு வந்து ஊர்ப் போட்டியிலே கலந்துகொள்ளும் பிள்ளைகளும் இதனைச் சிறப்பாகக் கருத்திற் கொள்ள வேண்டும். ஊரிலே பிறந்தோம் என்ற உரிமையை வெயில் பொருட்படுத்தாது.

ஆகவே போட்டிக்கு இரண்டு வாரங்கள் முன்னதாகவே இப்பயிற்சியைத் தொடங்குதல் நன்று. நெடுந்தூர ஓட்டமும் விரைவோட்டமும் அதிகாலைக் குளிர்ச்சியிலேயே நடக்கட்டும். அவற்றுக்குப் புறம்பாக, பிற்பகல் நான்கு மணியளவில் அரை மணி நேரம் மெதுவாக ஓட்டலாம். நாளுக்கு ஐந்து பத்து நிமிடங்களாகக் கூட்டி, இரண்டாம் வாரத்திலே ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்தை எட்டலாம். தனியே செல்லாது துணையோடு செல்ல வேண்டும். கடைசி இரண்டு நாட்களும் ஓய்வுக்குரியவை. காய்ச்சலோ வயிற்றோட்டமோ கண்டவன், தேறிச் சில நாட்களே ஆகியிருந்தாலும், அவ்வாண்டுப் போட்டியை விட்டுவிடுதலே அறிவுடைமை. நோயுற்ற உடல் வெப்பத்தை ஆளும் வலியை இழந்திருக்கும்.

அடுத்து, நீரும் உப்பும். ‘ஓட்டத்தின் நடுவிலே தண்ணீர் குடித்தால் வயிறு கனக்கும், வாய் நனைத்தாற் போதும்’ என்று சொல்லும் பெரியோர் இன்றும் உளர். மறுபுறத்திலே, தாகமில்லாவிடினும் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்போரும் உளர். இரண்டுமே ஆபத்தானவை. 2002 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்டன் மரதனிலே 488 ஓட்டக்காரரின் குருதியைப் பரிசோதித்தபோது நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குச் சோடியம் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. அளவு மீறி நீர் அருந்தி, ஓட்டத்தின் முடிவிலே உடல் நிறை கூடியிருந்தோரிடமே இக்குறை மிகுதியாகக் காணப்பட்டது. வெறும் நீரை மிகையாகக் குடிப்பவனுடைய குருதி ஐதாகிவிடுகின்றது. தலையிடி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கி அது உயிரையும் கவரலாம்.

சரியான அளவை அறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, தராசில் ஏறி நிறை பாருங்கள். ஒரு கிலோகிராம் குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் வியர்வை போயிற்று என்பது பொருள். இடையிலே குடித்த நீரையும் அதனோடு கூட்டிக்கொள்ள வேண்டும். நம் நாட்டு வெயிலிலே மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை லீற்றர் வரை போவது புதுமையன்று. அவ்வளவையும் ஓடும்போதே ஈடுசெய்யத் தேவையில்லை. அறுபது கிலோகிராம் நிறையுள்ள இளைஞனுக்கு இழப்பு ஒன்றேகால் கிலோகிராமைப் பெரிதும் கடவாதிருந்தால் போதும். நிறை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டான் என்று அறிக. மேற்சட்டையிலே வெள்ளைத் திட்டுத் திட்டாக உப்புப் படிந்திருந்தால் அவனுக்கு உப்பு சற்றுக் கூடுதலாகவே வேண்டும்.

இதற்கெல்லாம் விலையுயர்ந்த பானங்கள் வேண்டியதில்லை. கொதித்தாறிய நீர் ஒரு லீற்றரிலே ஆறு மட்டமான தேக்கரண்டி சீனியும், அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, ஒரு தேசிக்காயைப் பிழிந்துவிட்டால் நல்ல பானம் ஆயத்தம். உப்பு இவ்வளவைத் தாண்டலாகாது. மருந்துக்கடையிலே கிடைக்கும் ஜீவனியும் உதவும். இளநீர் இயற்கையின் கொடையே. ஆயினும் அதிலே பொற்றாசியம் மிகுதி, சோடியமோ குறைவு. ஆதலால் ஓட்டத்திற்குக் கொண்டுசெல்லும் இளநீரிலே ஒரு சிட்டிகை உப்பிடுவது முறை. ஓடி முடித்த பின் உப்பிட்ட மோருக்கு நிகர் ஏது?

உணவு விடயத்திலே தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். போட்டி நாளென்று புதிதாக எதனையும் சமைத்து ஊட்டவேண்டாம். முதல் நாள் இரவு வழக்கமான சோறு. உறைப்பும் எண்ணெயும் குறைந்த கறி. அதிகாலையிலே, ஓட்டத்திற்கு இரண்டு மணி நேரம் முன்பு, இடியப்பமும் தண்ணிச் சொதியுமோ, பாணும் வாழைப்பழமுமோ போதும். ஒரு மணி நேரத்திற்கு மேற்பட்ட ஓட்டமாயின் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாப்பொருளோ சீனியோ உடலுக்குச் சேரவேண்டும். இரண்டு மூன்று கதலிப்பழமும் ஒரு துண்டு பனங்கட்டியும் சட்டைப் பையிலிருந்தால் இக்குறை தீரும்.

உடை வெளிர்நிறத்ததாய், மெல்லியதாய், காற்றுப் புகுவதாய் இருத்தல் வேண்டும். தலைக்கவசம் இன்றியமையாதது, காற்றோட்டத் துவாரங்கள் உள்ளதைத் தெரிந்தெடுக்க. ஓட்டத்தின்போது ஒன்றை நினைவிற் கொள்க. சைக்கிள் விரைந்தோடும் வரை எதிர்காற்று மேனியைக் குளிர்விக்கின்றது. ஏற்றத்திலே வேகம் குறையும்போதும், முடிவெல்லையிலே நிற்கும்போதும் அக்காற்று நின்றுவிடுகின்றது. வெப்பம் சட்டென மேலெழுகின்றது. ஆதலால் எல்லையைத் தாண்டியவுடன் குதித்திறங்கி நில்லாது, சில நிமிடங்கள் மெதுவாக மிதித்து, நிழலை நாடிச் செல்ல வேண்டும். முதல் அரைப்பங்கு தூரத்தை அடக்கமாக ஓடுபவனே பின் அரைப்பங்கிலே பலரைத் தாண்டுகின்றான்.

ஆபத்தின் அறிகுறிகளை எல்லோரும் அறிந்திருத்தல் வேண்டும். தலைச்சுற்று, குமட்டல், தசைப்பிடிப்பு, மேனி சிலிர்த்தல் ஆகியன கண்டால் நிறுத்தி நிழலிலே அமர வேண்டும். பேச்சுக் குழறுதல், கேட்டதற்கு மாறாக விடையளித்தல், காரணமின்றிச் சினத்தல், தள்ளாடுதல் ஆகியன கண்டால் அது வெப்பத்தாக்கு எனக் கொள்க. உடலின் உள்வெப்பம் 40 பாகையைக் கடந்திருக்கும். மேனி வியர்த்திருக்கின்றதே என்று ஆறுதல் கொள்ளற்க. வியர்வையோடும் இந்நோய் வரும். அக்கணமே அவனைக் குளிர்ந்த நீரிலே கழுத்தளவு அமிழ்த்தித் தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். கிணற்றடித் தொட்டி போதும். தொட்டி இல்லையேல் வாளி வாளியாக நீரை ஊற்றி விசிறுக. நினைவு தடுமாறியவனுக்கு வாயிலே எதனையும் புகட்டலாகாது. பனடோல் போன்ற காய்ச்சற் குளிசை இவ்வெப்பத்தைத் தணிக்காது. 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்சை வரவழையுங்கள். அது வரும் வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். முதலிலே குளிர்வித்தல், பின்னரே கொண்டுசெல்லல் என்பது இன்றைய மருத்துவரின் விதி. இங்கே காலம் நிமிடக் கணக்கிலேயே உள்ளது.

இறுதியாகப் போட்டி நடத்துவோருக்கு ஒரு சொல். பிரமுகர் வந்து கொடியசைக்க வேண்டும் என்பதற்காகப் பத்து மணி வரை இளைஞரை வெயிலிலே நிறுத்திவைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். வானம் வெளுக்கும் வேளையிலே ஓட்டம் தொடங்கினால், வெயில் ஏறுமுன் அது முடிந்துவிடும். பிரமுகர் மாலையிலே பரிசளிக்க வரலாம். வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் வெப்பச் சுட்டெண் அறிவித்தலை முதல் நாளே பார்த்து, தேவைப்படின் தூரத்தைக் குறைக்கவோ போட்டியை ஒத்திவைக்கவோ துணிவு வேண்டும். பத்துக் கிலோமீற்றருக்கு ஓரிடத்திலாவது நீரும் நிழலும், முடிவெல்லையருகே நீர் நிரப்பிய தொட்டியும் வேண்டும். இடைநடுவில் எவனையும் நிறுத்தும் அதிகாரம் ஒரு மருத்துவருக்கோ தாதிக்கோ அளிக்கப்பட வேண்டும்.

இவற்றோடு ஊரார் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. நடுவழியிலே இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும் பிள்ளையைப் பார்த்துக் கூக்குரலிட்டு எள்ளுதல் நம்மிடையே உள்ள வழக்கம். அந்தச் சிரிப்புக்கு அஞ்சியே பல பிள்ளைகள் நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டி மிதிக்கின்றனர். இவ்வாண்டு அவ்வாறு ஒருவன் வந்தால் மதிலோரத்திலே நிற்பவர்கள் அவனுக்கும் கைதட்டுங்கள். ஒரு செம்பு தண்ணீர் கொடுத்துத் திண்ணையிலே அமர்த்துங்கள். அடுத்த சித்திரையிலே அவன் மீண்டும் ஓடுவான்.