குழாய்க்கு முன் தொட்டி

தமிழ்நாட்டின் பேரூராட்சிகளிலும் சிறு நகராட்சிகளிலும் பெரும்பாலான வீடுகளின் கழிப்பறைக் கழிவு செப்டிக் டேங்கிலோ, உறை இறக்கிய குழியிலோதான் சேர்கிறது. தொட்டி நிரம்பினால் கழிவுநீர் லாரி வருகிறது. உறிஞ்சிய கசடு பல ஊர்களில் ஏரிக்கரையிலும் ஓடையிலும் தரிசு நிலத்திலும் கொட்டப்படுகிறது. வீடுதோறும் கழிப்பறை கட்டிப் பெற்ற நன்மை அங்கே பாழாகிறது. இதற்குத் தீர்வாகப் பாதாள சாக்கடையை மட்டுமே எதிர்பார்த்து ஊர்கள் பல ஆண்டுகள் காத்திருக்கின்றன. அந்தக் காத்திருப்பு தேவையற்றது. சிறு நகரத்தின் கழிவுநீர்த் திட்டம் வீட்டுத் தொட்டியிலிருந்து தொடங்க வேண்டும். குழாய் அதன் பின் வரட்டும்.

செப்டிக் டேங்கில் கனமான கழிவு அடியில் படிந்து, காற்றில்லாமல் மெல்லச் செரிக்கிறது. எண்ணெய்ப் பசை மேலே மிதக்கிறது. நடுவிலுள்ள நீர் வெளியேறுகிறது. இந்த நீரில் நோய்க்கிருமிகள் இருப்பதால் அது உறிஞ்சு குழிக்குத்தான் போக வேண்டும். கசடு ஏற ஏற நீர் தங்கும் இடம் குறையும். எனவே இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை அகற்றுவது கட்டாயம். நடைமுறையிலோ, சீக்கிரம் நிரம்பக் கூடாதென்று தொட்டியின் அடித்தளத்தைப் பூசாமல் விடுகிறார்கள். பத்தாண்டாகத் திறக்காத தொட்டி நல்ல தொட்டி என்ற நம்பிக்கையும் இருக்கிறது. உண்மையில் அந்தத் தொட்டி அக்கம்பக்கத்துக் கிணற்றுக்குக் கசிந்துகொண்டிருக்கலாம். தெருச் சாக்கடைக்குக் கழிவைத் தள்ளிக்கொண்டிருக்கலாம்.

20,000 பேர், 5,000 வீடுகள் கொண்ட ஒரு பேரூராட்சியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தொட்டியையும் மூன்றாண்டுக்கு ஒருமுறை காலி செய்தால், ஆண்டுக்கு 300 வேலை நாள் என்ற கணக்கில் நாளொன்றுக்கு ஐந்தாறு லாரி வரும். லாரிக்கு 4,000 லிட்டர் என்றால் மொத்தம் ஏறத்தாழ 22,000 லிட்டர். இந்த அளவைக் கையாளும் நிலையம் கற்பனையல்ல. மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூராட்சியில் 2017-இல் செயல்பாட்டுக்கு வந்த கசடு கழிவு சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்குச் சுமார் 23,000 லிட்டர். தமிழ்நாட்டில் அமைந்த முதல் நிலையம் அது. மதுராந்தகம் நகராட்சியின் கசடையும் ஏற்கும்படி திட்டமிடப்பட்டது. பக்கத்து ஊர்கள் ஒரே நிலையத்தைப் பகிர்ந்துகொண்டால் செலவும் நிலத் தேவையும் குறையும் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி.

இதே ஊருக்குப் பாதாள சாக்கடை போடுவதானால் கணக்கு வேறு. தேசிய வழிகாட்டு நெறிகளின்படி, பாதாள சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாள்தோறும் 135 லிட்டர் குடிநீர் வழங்க வேண்டும். அது இல்லாத ஊருக்கு 70 லிட்டர் போதும். வழங்கும் நீரில் 80 விழுக்காடு கழிவுநீராகும் என்று கொண்டால், நாளொன்றுக்கு 21 லட்சம் லிட்டருக்கு மேல் சுத்திகரிக்க வேண்டும். குழாயில் நீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் கழிவு படியாது. நீர் குறைவாக வரும் ஊரிலும், வீட்டு இணைப்புகள் பாதியில் நின்ற ஊரிலும் அந்த வேகம் கிடைப்பதில்லை, குழாய் அடைத்துக்கொள்கிறது. சமதள ஊரில் நீரேற்று நிலையங்களும் வேண்டும். அவற்றின் மின்கட்டணமும் பராமரிப்பும் ஆண்டுதோறும் பேரூராட்சியின் தலையில் விழும்.

லாரியும் தொட்டியும் தற்காலிக ஏற்பாடு, பாதாள சாக்கடையே நிரந்தரத் தீர்வு என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது: கசடை அகற்றினாலும் குளியலறை, சமையலறை நீரும் தொட்டியிலிருந்து வழியும் நீரும் மிஞ்சும். மனையில் இடமுள்ள வீடுகளில் அதை உறிஞ்சு குழியில் விடலாம். தெருச் சாக்கடையில் வரும் நீரை ஏரியில் கலக்குமுன் மறித்துச் சிறு நிலையங்களில் சுத்திகரிக்கலாம். கடைவீதி, பேருந்து நிலையம் போன்ற நெருக்கமான பகுதிகளுக்குக் குழாய் வேண்டியதுதான். தொட்டியில் தெளிந்த நீரை மட்டும் கொண்டுசெல்லும் சிறு விட்டக் குழாய் அங்கே பொருந்தக்கூடும். அதுவும் தொட்டிகளை முறையாகக் காலி செய்யும் ஊரில்தான் அடைப்பின்றி ஓடும். எந்த வழியில் போனாலும் முதல் படி கசடு அகற்றுவதே.

அந்தப் படி ஒழுங்காக நடக்க, வீடுதோறும் தொட்டியின் வகை, அளவு, கடைசியாகக் காலி செய்த நாள் ஆகியவற்றைப் பேரூராட்சி பதிவு செய்ய வேண்டும். நிரம்பி வழிந்த பின் லாரியைத் தேடும் வழக்கம் மாறி, வார்டு வாரியாக முறை வைத்து அகற்ற வேண்டும். மகாராஷ்டிரத்தின் வாய், சின்னர் என்னும் சிறு நகரங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் இதைச் செய்து காட்டியுள்ளன. கட்டணத்தை ஒரே தவணையில் கேட்காமல் சொத்து வரியோடு சிறுகச் சிறுக வாங்கினால் ஏழை வீடுகளும் விடுபடாது. கண்ட இடத்தில் கொட்டும் லாரியின் உரிமத்தைப் பறிக்க வேண்டும்; கொட்டுவதற்கு அருகிலேயே நிலையம் இருந்தால்தான் அந்தக் கண்டிப்பு நியாயமாகும். தொட்டி விதிப்படி கட்டப்பட்டதைப் பார்த்த பிறகே புதிய வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு தர வேண்டும்.

இவை அனைத்துக்கும் மேலானது மனித உயிர். தொட்டியிலும் ஆள்நுழை குழியிலும் சேரும் நச்சுவாயு சில நொடிகளில் கொல்லும். பாதுகாப்பின்றி ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது. அடைக்கும் குழாயும் ஆண்டுக்கணக்கில் இறுகிய கசடும்தான் ஆளை உள்ளே இறங்க வைக்கின்றன. உரிய காலத்தில் கசடை எடுத்தால் இயந்திரமே அதை உறிஞ்சிவிடும்.

ஆகவே சிறு நகரங்களுக்கான நிதி ஒதுக்கீட்டில் கசடு கழிவு நிலையமும் முறைப்படியான அகற்றலும் முதலிடம் பெற வேண்டும். மறித்துச் சுத்திகரிப்பது இரண்டாவதாகவும், நெருக்கமான பகுதிகளுக்கான குழாய் மூன்றாவதாகவும் வர வேண்டும். குழாய் போடும் இடத்திலும் சுத்திகரிப்பு நிலையம் முடிந்து, வீட்டு இணைப்புக்கும் பத்தாண்டுப் பராமரிப்புக்கும் பணம் உறுதியான பிறகே தெருவைத் தோண்ட அனுமதிக்க வேண்டும்.