மண் குதிரையும் மாநகராட்சியும்

புதுக்கோட்டை நகரம் 2024-ம் வருஷம் மாநகராட்சியாக உயர்ந்தது. மாநகரம் என்று பெயர் வந்துவிட்டால் அதற்குத் தக்க அலங்காரம் வேண்டுமென்ற ஆசையும் கூடவே வருவது இயல்பு. மற்ற மாநகரங்களில் ரவுண்டானாக்களிலும் பூங்காக்களிலும் குளக்கரைகளிலும் சிலைகளை நிறுத்துகிறார்கள். பாலத் தூண்களில் படம் எழுதுகிறார்கள். வீதியையே கலைக் கண்காட்சியாக ஆக்குகிறோம் என்கிறார்கள். இதை நாம் குறை கூற வரவில்லை. டிக்கெட் வாங்காமல், செருப்பைக் கழற்றாமல், என்ன சாதி என்று கேட்கப்படாமல் ஓர் ஏழை நின்று பார்க்கக்கூடிய கலை வீதியில் நிற்கும் கலை ஒன்றுதான். ஆகையினால்தான், அங்கே எதை நிறுத்துவது, அதைத் தெரிந்தெடுப்பவர் யார் என்ற கேள்வியைச் சிமெண்டு குழைப்பதற்கு முன்பே கேட்டு வைக்க வேண்டும் என்கிறோம்.

நம் நாட்டில் இது சிற்பத்தைத் தெரிந்தெடுக்கும் காரியமாக நடப்பதில்லை. ஆளைத் தெரிந்தெடுக்கும் காரியமாகவே நடக்கிறது. சென்னைக் கடற்கரையையே எடுத்துக் கொள்ளுங்கள். 1968 ஜனவரியில் இரண்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது அந்தச் சாலையில் ஒரே மூச்சில் பத்துச் சிலைகள் நிறுத்தப்பட்டன. திருவள்ளுவர், அவ்வையார், கம்பர், கண்ணகி, வீரமாமுனிவர், கால்டுவெல், போப், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி. என்பது ஜாபிதா. கம்ப ராமாயணத்தைத் தீயிலிட வேண்டுமென்று 1943-ல் பெரும் புலவர்களோடு மேடையேறி வாதாடிய அண்ணாதுரை அவர்களின் மந்திரிசபைதான் கம்பருக்கும் அங்கே ஒரு பீடம் கொடுத்தது. பதவி மனிதனுக்குப் பெருந்தன்மையைக் கொடுத்துவிடும் போலும்!

அந்தப் பத்தில் பெண்கள் இருவர். இருவரில் ஒருவர் காப்பியத்தில் வரும் பாத்திரம். புருஷன் செய்ததையெல்லாம் பொறுத்துக் கொண்டிருந்ததற்காகக் கற்புக்கரசி என்று கொண்டாடப்படுபவர். 1886-ல் இதே புதுக்கோட்டையில் பிறந்து, மகாராஜா கல்லூரியில் ஆண் பிள்ளைகளுக்கு நடுவே ஒரே பெண்ணாகப் படித்து, டாக்டராகி, சட்டசபையில் நுழைந்து, பொட்டுக் கட்டும் கொடுமையை ஒழிக்கப் போராடிய முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அப்போது உயிரோடிருந்தார். அந்த வருஷம் ஜூலையில்தான் காலமானார். உயிரோடிருப்பவருக்குச் சிலை வேண்டாமென்று விட்டிருப்பார்கள் என்றே வைத்துக் கொள்வோம். ஆனால் அந்தக் கண்ணகி சிலைதான் பின்னால் பெரிய ரகளைக்கு இடமாயிற்று. 2001 டிசம்பரில் அது பெயர்த்தெடுக்கப்பட்டது. லாரி மோதியதென்றது சர்க்கார். வாஸ்து பார்த்து எடுத்தார்களென்றது ஊர். 2006-ல் மந்திரிசபை மாறியதும் மறுபடி வந்து நின்றது. போனபோதும் வந்தபோதும் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. அது சிற்பமென்ற முறையில் நல்ல சிற்பமா, கையும் தோளும் சரியாக விழுந்திருக்கின்றனவா, அதைச் செய்தவர் யார் என்று கேட்டவர் எத்தனை பேர்?

இது சென்னையின் சங்கதி மாத்திரமல்ல. ஜில்லா ஜில்லாவாகப் போய்ப் பாருங்கள். பீடம், அதன்மேல் விரலை நீட்டியபடி ஒரு தலைவர், சுற்றிலும் இரும்புக் கூண்டு! அம்பேத்கர் கூண்டுக்குள், முத்துராமலிங்கத் தேவர் கூண்டுக்குள். மனிதனுக்கு விடுதலை வேண்டுமென்று சொன்னவரையே கம்பிக்குள் வைத்துப் பூட்டி, ராத்திரி போலீஸ் காவலும் போடுகிறோம். காரணம் வெளிப்படை. அங்கே நிற்பது ஓர் ஆளின் உருவமல்ல, ஒரு சாதியின் கொடிக்கம்பம் என்று அதை வைத்தவனும் நினைக்கிறான், உடைக்க வருகிறவனும் நினைக்கிறான். 1997-ல் தலைவர் பெயர் தாங்கிய போக்குவரத்துக் கழகங்களை வைத்துத் தென் ஜில்லாக்களில் ரத்தம் சிந்திய பிறகு, சர்க்காரே எல்லாக் கழகங்களின் பெயரையும் நீக்கிவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக் கொண்டது. பஸ்ஸுக்குத் தெரிந்த புத்தி சிலைக்கு இன்னும் வரவில்லை.

அதே கடற்கரையில் 1959 முதல் இன்னொரு சிலை நிற்கிறது. நான்கு ஆட்கள், இடுப்பில் துணியோடு, கடப்பாரை கொண்டு ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். ஓவியக் கல்லூரியின் தலைவராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை அது. அந்த நால்வருக்கும் பெயர் கிடையாது, சாதி கிடையாது. ஜயந்தியும் இல்லை, குருபூஜையும் இல்லை. அதற்குக் கூண்டு போடும்படியான அவசியம் யாருக்கும் தோன்றவில்லை. 1923-ல் சிங்காரவேலர் முதல் மே தினம் கொண்டாடிய அதே கடற்கரையில், கூலிக்காரனின் முதுகையும் கெண்டைக்கால் நரம்பையும் வெண்கலத்தில் வார்த்து நிறுத்தியதில் ஒரு நியாயம் இருக்கிறது. பட்டணம் தெரிந்தெடுத்ததிலெல்லாம் இதுவே நல்ல தேர்வு என்பது நமது அபிப்பிராயம்.

நிற்க. அப்படியானால் புதுக்கோட்டை எதைத் தெரிந்தெடுப்பது? உழைப்பாளர் சிலையைக் காப்பியடித்து நார்க்கண்ணாடியில் ஒன்று வார்த்து வைப்பதா? வேண்டியதில்லை. நம் சீமையில் அய்யனார் பொட்டல்களிலும் காடுகளிலும் வரிசை வரிசையாக நிற்கும் சுடுமண் குதிரை இருக்கிறதே, அதைக் கொண்டுவந்து வீதியில் நிறுத்துங்கள் என்கிறோம்.

அது எப்படிச் செய்யப்படுகிறதென்று நின்று பார்த்தவர்கள் நம் படித்த கூட்டத்தில் சிலரே. கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து, காலால் நாள்கணக்கில் மிதித்துப் பதப்படுத்துகிறார் குயவர். முதலில் நான்கு கால்கள், தூண் மாதிரி, உள்ளே பொள்ளலாக எழும்புகின்றன. ஈர மண் தன் பாரத்தைத் தானே தாங்காது; ஆகையால் கொஞ்சம் உயர்த்தி, உலரவிட்டு, மறுபடி உயர்த்த வேண்டும். வயிறு இணையும் இடத்தில் தவறினால் அத்தனை நாள் பாடும் தரையில் இருக்கும். பிறகு கழுத்து, பிறகு தலை, பிடரி, மணி, சேணம். சூட்டில் ஆவி வெளியேற இடம் விடாவிட்டால் வெடித்துப் போகும். எங்கே துளை விடுவது என்பது அவர் கைக்குத் தெரியும். வைக்கோலும் வரட்டியும் விறகும் அடுக்கி, மேலே மண் பூசிச் சுட்டெடுத்தால் ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட குதிரை நிற்கும். பாதி தூக்கிய உதடும் பிதுங்கிய கண்ணுமாக அது நிற்கும் மிடுக்கைச் சென்னையில் சாண்ட்ரி செய்து 1839-ல் நிறுத்தப்பட்ட மன்றோ துரையின் வெண்கலக் குதிரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் கூசத் தேவையில்லை. துரையின் குதிரைக்கு அங்கவடிகூடக் கிடையாது; எங்கள் ஊர்க் குதிரைக்குச் சேணமும் சலங்கையும் உண்டு!

இங்கே நம் தோழர்கள் சிலருக்கே கோபம் வரும். “சாமி சிலையை ஒழிக்க வேண்டுமென்று பேசிவிட்டு அய்யனார் குதிரையை நடுவீதிக்குக் கொண்டு வரச் சொல்கிறீரே, இது என்ன பகுத்தறிவு?” என்பார்கள். கேள்வி நியாயமானது, தட்டிக் கழிக்கக் கூடியதல்ல. கல்லையோ மண்ணையோ நாம் பகைக்கவில்லை. அதன் முன்னால் மனிதன் புத்தியை அடகு வைப்பதையும், அதைக் காட்டி இன்னொரு மனிதனை எட்ட நில் என்பதையும்தான் பகைக்கிறோம். புரவி எடுப்புக்கு ஊரார் குயவரிடம் பிடிமண் கொடுக்கிறார்கள். குதிரை வெந்து முடிந்து, சுண்ணாம்பும் வர்ணமும் அடித்து, கண் திறந்த பிறகே அது சாமியின் வாகனமாகிறது. அதுவரைக்கும் அது என்ன? பானைக்கும் அடுப்புக்கும் உடன்பிறப்பு. சாமியான பின்பாவது நிலைக்கிறதா? பொட்டலில் நின்று, மழையில் ஊறி, காது விழுந்து, கால் முறிந்து, வேருக்குள் புதைந்து மண்ணோடு மண்ணாகிறது. ஊரார் புதிதாக ஒன்று செய்யச் சொல்கிறார்கள். சாமியின் குதிரையைச் சாமியாலேயே மழையிலிருந்து காப்பாற்ற முடியவில்லை என்பதை வருஷா வருஷம் கண்ணெதிரே காட்டுகிற அந்தக் குதிரையைவிட நல்ல பிரசாரகன் நமக்கு எங்கே கிடைப்பான்?

ஆனால் ஓர் ஆபத்து உண்டு, அதை மறைக்க மாட்டோம். வெளியில் நிற்கும் எந்த உருவத்தையும் நம் ஜனங்கள் சும்மா விடுவதில்லை. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிடப்பட்டு வந்தது புத்தர் சிலையே என்று 2022-ல் சென்னை ஹைக்கோர்ட்டு தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. கடவுளைப் பற்றிப் பேசாத புத்தருக்கே அந்தக் கதி! வீதியில் குதிரையை நிறுத்தினால் மூன்றாம் நாள் ஒருவன் மஞ்சள் துணி கட்டுவான். ஏழாம் நாள் சூடம். மாதம் முடிவதற்குள் உண்டியல். கீரமங்கலத்தையடுத்த குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் முன்னால் 33 அடியென்று சொல்லப்படும் குதிரைக்கு மாசி மகத்தன்று ஆயிரக்கணக்கில் காகிதப் பூமாலை சாத்துவதை நாம் அறிவோம். ஆகையால் சூடம் கொளுத்த மேடையும், மேலே கூரையும், முன்னால் வாசற்படியும் வைக்காமல், நாலு புறமும் திறந்த தரையில், பிள்ளைகள் வயிற்றுக்கடியில் நுழைந்து போகும்படி நிறுத்த வேண்டும். ஒன்றைத் தனியாக நிறுத்தினால் சாமியாகும். பத்துப் பன்னிரண்டாகக் கலைத்து நிறுத்தினால் சிற்பமாகும்.

இதையெல்லாம் நாம் வெறும் அலங்கார விஷயமாகப் பேசவில்லை. 2022 டிசம்பரில் இந்த ஜில்லாவின் முத்துக்காடு ஊராட்சி, வேங்கைவயலில் ஆதிதிராவிடர் குடிக்கும் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. விசாரிக்கப் போன கலெக்டர் கவிதா ராமு அவர்களிடம் அம்மக்கள், பக்கத்து இறையூர் அய்யனார் கோயிலுக்குள் தங்களைத் தலைமுறை தலைமுறையாக விடுவதில்லை என்று சொன்னார்கள். கலெக்டர் கூட நின்று அழைத்துக் கொண்டு போகத்தான் உள்ளே கால் வைத்தார்கள். அய்யனாரிடம் போக ஒரு ஜில்லா அதிகாரி துணை வேண்டியிருக்கிறது, 2022-ல்! கோயிலுக்குள் நின்றால் ஒரு சாதியின் சொத்தாகிற அதே மண் உருவம், புதுக்கோட்டைப் பஸ் ஸ்டாண்டுக்கெதிரே நின்றால் யாருக்குச் சொந்தம்? வேங்கைவயல் பெண் தன் குழந்தையைத் தூக்கி அதன் முதுகில் உட்கார்த்தி வைத்தால் எவன் கேட்பான்?

இனி, செய்தவன் சங்கதி. மன்றோ குதிரையைச் செய்தவர் சாண்ட்ரி என்று இங்கிலீஷ்காரன் எழுதி வைத்தான். கன்னியாகுமரியில் 2000-ம் வருஷம் திறந்த 133 அடி வள்ளுவரைச் செய்தவர் கணபதி ஸ்தபதி என்று எல்லோருக்கும் தெரியும். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய தச்சன் குஞ்சரமல்லன் பெயரைக்கூட ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. மண் குதிரை செய்தவர் பெயர் மட்டும் ஒரு குதிரையிலும் கிடையாது. டில்லிக் கைவினைப் பொருட்காட்சிச்சாலையில் தமிழ்நாட்டுக் குதிரைகள் நிற்கின்றன. பார்க்கிறவர்கள் “கிராமியக் கலை” என்று சொல்லிவிட்டு நகர்கிறார்கள். கிராமத்துக்கு ஏது கை? கை ஒரு வேளாருடையதல்லவா? கல்லில் செய்தால் ஸ்தபதி, வெண்கலத்தில் வார்த்தால் சிற்பி, மண்ணில் செய்தால் சட்டிப் பானைக்காரன் என்ற இந்தத் தரம் பிரிப்பு எந்த அழகுச் சாஸ்திரத்தில் இருக்கிறது? மனுதர்மத்தின் வாடைதான் அதில் அடிக்கிறது.

அதிகாரிகள் ஒன்று சொல்வார்கள்: மண் நிலைக்காது, மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா? நார்க்கண்ணாடியில் அச்சு வார்த்தால் மலிவு, பழுதில்லை என்பார்கள். நாம் ஆற்றில் இறங்கச் சொல்லவில்லை, ரவுண்டானாவில் நிறுத்தத்தான் சொல்கிறோம். உடைந்தால் உடையட்டும். இரண்டு மூன்று வருஷத்துக்கொரு முறை பழையதை எடுத்துவிட்டுப் புதியது செய்யச் சொன்னால் அந்தக் கை வேலை மறக்காமலிருக்கும். ஒரு குடும்பத்துக்குக் கூலியும் இருக்கும். அச்சில் வார்த்த குதிரை ஒரு கான்ட்ராக்டருக்கு ஒரு தடவை பில், அதோடு சரி. பிளாஸ்டிக் குடம் வந்த நாள் முதல் சக்கரத்தை ஓரங்கட்டிவிட்டுக் கட்டிட வேலைக்குப் போன குயவர் பிள்ளைகளை எந்த ஊரிலும் பார்க்கலாம்.

ஆகவே கமிட்டி போடும்போது அதில் கமிஷனரும் கவுன்சிலரும் மாத்திரம் உட்கார்ந்து, போட்டோப் படத்தைப் பார்த்து, அடிக்கு இவ்வளவென்று டெண்டர் விடக்கூடாது. குதிரை செய்கிற குயவர் இருவர், ஓவியக் கல்லூரியில் படித்த சிற்பி ஒருவர், பள்ளிக்கூட வாத்தியாரம்மா ஒருவர் அதில் இருக்கட்டும். சூளைக்கே போய், சுடுவதற்கு முன் பார்த்துத் தெரிந்தெடுக்கட்டும். பெயர்ப் பலகையில் செய்தவர் பெயர், ஊர், மண் எடுத்த கண்மாய், சுட்ட வருஷம் எல்லாம் எழுதட்டும். திறந்து வைத்த மந்திரியின் பெயரை இடமிருந்தால் கீழே எழுதிக் கொள்ளலாம். பணத்தைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறோம்: பிடிமண் கொடுக்கிற அன்றைக்கே முன்பணமும் கொடுத்துவிடுவது கிராமத்து வழக்கம். மாநகராட்சி பில் பாஸாகட்டும் என்று ஆறு மாதம் அலைய வைத்தால் விறகுக்குக் கடன் வாங்கித்தான் சூளை மூட்ட வேண்டியிருக்கும்.