கழற்றும் முன் சோதியுங்கள்

பழைய விளையாட்டுக் கார் ஒன்றின் கூலண்ட் தொட்டியைத் திறந்தால், உள்ளே தே தாரிக் நிறத்தில் ஒரு குழம்பு. எஞ்சின் ஆயிலும் கூலண்டும் கலந்துவிட்டன. பார்த்தவுடன் பலரும் சொல்வது, "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது." அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் எந்தச் சோதனையும் செய்யாமல் எட்டிய முடிவை நம்பி எஞ்சினின் தலையைக் கழற்ற வாகன உரிமையாளர் சம்மதிக்கக் கூடாது என்பது என் கருத்து.

போர்ஷே 944 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜெர்மனியில் 1980களில் தொடங்கி 1991 வரை தயாரான கார் இது. இதன் டர்போ அல்லாத வகைகளில் எஞ்சின் ஆயிலைக் குளிர்விப்பது கூலண்டுதான். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு கூட்டுக்குள் ஆயில் கூலர் இருக்கிறது. அதன் உள்ளே ஆயில் ஓடுகிறது. சுற்றிலும் கூலண்ட் ஓடுகிறது. இரண்டையும் பிரித்து வைப்பவை சில ரப்பர் வளையங்கள். பல ஆண்டு வெப்பத்தில் ரப்பர் இறுகி, மீள்தன்மையை இழக்கும்போது கசிவு தொடங்குகிறது. டர்போ வகையில் ஆயில் கூலர் காரின் முன்பக்கத்தில் காற்றால் குளிர்கிறது. அங்கே இந்தக் கோளாறுக்கு இடமில்லை. ஆகவே, "இது எந்த வகைக் கார்?" என்பதே முதல் சோதனை. அதற்குச் செலவு எதுவுமில்லை.

அடுத்து அழுத்தத்தைப் பார்ப்போம். எஞ்சின் வேகமாக ஓடும்போது ஆயிலின் அழுத்தம் பல பார் இருக்கும். கூலண்டின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார்தான். எனவே ஆயில்தான் கூலண்டுக்குள் புகும். எஞ்சினை நிறுத்தியதும் ஆயிலின் அழுத்தம் இறங்கிவிடும். சூடான கூலண்டின் அழுத்தமோ சற்று நேரம் நீடிக்கும். அப்போது கூலண்ட் ஆயிலுக்குள் போகக்கூடும். அது பேரிங்குகளை அரித்துவிடும் என்பதால், கலப்பு தெரிந்த பிறகு காரை ஓட்டுவது ஆபத்து.

கூலண்டில் ஆயில் இருந்து, ஆயில் அளவுக்கோல் சுத்தமாக இருந்தால், ஆயில் கூலர்மீது சந்தேகம் வலுக்கிறது. ஆனால் அது மட்டுமே போதாது. எஞ்சினின் தலைக்கு ஆயில் செல்லும் வழியும் ஹெட் கேஸ்கெட் வழியேதான் போகிறது. கேஸ்கெட் அந்த இடத்தில் பழுதானாலும் அறிகுறி இதுவேதான். இரண்டு காரணங்களுக்கும் பொதுவான அறிகுறியை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. இரண்டும் வேறுவேறு விளைவு தரும் ஒரு சோதனை வேண்டும்.

அப்படி ஒரு சோதனை இருக்கிறது. ஆயில் கூலருக்கும் எரிப்பு அறைக்கும் நேரடித் தொடர்பில்லை. எரிப்பு அறையைச் சுற்றி கேஸ்கெட் பழுதாகியிருந்தால், கரியமில வாயு கூலண்டில் கலக்கும். குளிர்ந்த எஞ்சினில் தொட்டி மூடியைத் திறந்து, கூலண்ட் மட்டத்தைச் சற்றுக் குறைத்து, எஞ்சினை ஓடவிட்டு, மேலே எழும் காற்றை ஒரு நீல நிறத் திரவத்தின் வழியே இழுக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினின் எரிவாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். (சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது.) மஞ்சளானால் கேஸ்கெட்டோ விரிசலோ இருக்கிறது, தலையைக் கழற்றத்தான் வேண்டும். நீலமாகவே இருந்தால் கேஸ்கெட் முழுதும் நலம் என்று பொருளல்ல. எரிப்பு அறைப் பக்கம் கசிவு தென்படவில்லை என்று மட்டுமே பொருள். சிலிண்டர்களின் கசிவுச் சோதனையும் அதையே சொன்னால், அடுத்து ஆயில் கூலரைப் பிரித்துப் பார்ப்பதே முறை. அதற்குத் தலையைத் தொட வேண்டியதில்லை. கூலரை நீரில் மூழ்கவைத்துக் காற்றழுத்தம் கொடுத்தால், ஓட்டை இருந்தால் குமிழிகள் காட்டிக் கொடுக்கும். வளையங்கள் இறுகியிருப்பது கைக்கே தெரியும்.

வளையங்களை மாற்றிய பிறகு, கூலண்ட் வழிகளைப் பலமுறை கழுவ வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்த ஆயில் சில நாள் மேலே மிதக்கும். அதைப் புதுக் கசிவு என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் பழுது தீர்ந்தது. குறையாமல் மீண்டும் சேர்ந்தால், அப்போது கேஸ்கெட்டின் ஆயில் வழியைச் சந்தேகிக்கலாம்.

"எப்படியும் பழைய எஞ்சின், இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடலாமே" என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். அனுபவத்திலிருந்து வரும் பேச்சை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் 944இன் தலையைக் கழற்ற டைமிங் பெல்ட்டை அவிழ்த்து மீண்டும் சரியாக இறுக்க வேண்டும். அதில் தவறினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். தேவையில்லாத ஒவ்வொரு கழற்றலும் ஒரு புதிய கோளாறுக்கு வழி திறக்கிறது.

இது 944 வைத்திருப்பவர்களுக்கு மட்டுமான செய்தியல்ல. பல ஆட்டோ கியர் கார்களில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் பகுதி ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அது பழுதானாலும் கூலண்டில் ஆயில் சேரும். அங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எந்தச் சோதனை உங்களுக்கு இதைச் சொன்னது?"

பள்ளி ஆய்வகங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. குழாய் வழியே ஊதினால் சுண்ணாம்பு நீர் கலங்கும் என்பதை மாணவர்கள் ஊதுவதற்கு முன்பே குறிப்பேட்டில் எழுதி வைத்துவிடுகிறார்கள். அதே கரியமில வாயுதான் பட்டறையில் ஓர் எஞ்சினின் தலையைக் கழற்றுவதா, வேண்டாமா என்று தீர்மானிக்கிறது. விடை தெரிந்த சோதனைகளோடு, இரண்டு விடைகளில் எது சரி என்று தேடவேண்டிய சோதனைகளையும் மாணவர்களிடம் கொடுப்போம். நாளை பட்டறையில் நிற்கப்போகிறவர்களும், அங்கே பணம் கொடுக்கப்போகிறவர்களும் அவர்கள்தாம்.