தெரபி தாமதமானால் எழுத்தில் மனு: எங்கள் நிலைப்பாடு

வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைக்கு ஆறு வயதுக்குள் கிடைக்க வேண்டிய பேச்சுப் பயிற்சியோ பிசியோதெரபியோ தாமதமானால், பெற்றோர் அதை எழுத்தில் புகாராகக் கொடுக்க வேண்டும். வாங்கும் அலுவலகம் அன்றே ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். ஆத்தூர் வட்டாரப் பெற்றோர்களாகிய எங்கள் நிலைப்பாடு இது. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும்; குறை தெரிந்த குழந்தையை மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்கும்படி 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சொல்கிறது. இவ்வளவு இருந்தும், "அடுத்த மாதம் வாங்க" என்ற வாய்மொழிப் பதிலுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறிப்போய்த் திரும்பிய தாயின் அலைச்சல், அரசின் கணக்கில் நடக்கவே இல்லை.

புகார் கொடுத்தால் தெரபிஸ்டின் மனம் கோணும், அது பிள்ளை மேல்தான் விடியும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நாங்கள் லேசாக எண்ணவில்லை. அதனால்தான் மனுவில் ஆளைப் பற்றி எழுத வேண்டாம், தேதிகளை எழுதுங்கள் என்கிறோம்: எப்போது பரிந்துரைத்தார்கள், முதல் பயிற்சி எப்போது கிடைத்தது, வாரத்துக்கு எத்தனை முறை சொன்னார்கள், எத்தனை முறை நடந்தது. பணியிடம் காலியாக இருப்பதுதான் காரணம் என்றால், கூடுதல் ஆள் கேட்க அந்த ஊழியருக்கே இந்த மனு ஆதாரமாகும். "அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று காத்திருக்கச் சொல்லும் உறவினருக்கும் ஒரு வார்த்தை: பரிசோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நட்டம் எதுவுமில்லை, காத்திருந்து குறை உறுதியானால் போன மாதங்கள் திரும்பாது.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலோ 1100 எண்ணிலோ புகாரைப் பதியலாம். ஆனால் எந்த அலுவலகத்தின் மேல் புகாரோ அதனிடமே மனு போய், "உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்ற ஒற்றை வரியோடு முடிவதை நாங்கள் ஏற்கவில்லை. அப்படி முடிந்தால் அடுத்த வழி மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். அவர் பரிந்துரைத்தால், எடுத்த நடவடிக்கையைத் துறை மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். பெரியவர்களுக்கு இது நியாயமான கெடுவாக இருக்கலாம். இரண்டு வயதுக் குழந்தைக்கு மூன்று மாதம் என்பது அது வாழ்ந்த காலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆறு வயதுக்குட்பட்டோர் மனுக்களுக்குத் தனிப் பதிவேடு வைத்து, பயிற்சி தொடங்கும் தேதியைக் குறிப்பிட்டு 15 நாளில் எழுத்தில் பதில் தரும்படி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்கிறோம்.