குழுவில் பாடிய குரல்

பிராங்க் சினாட்ரா என்றதும் நம் மாணவர்களில் பலருக்கு நினைவுக்கு வருவது, தொப்பியைச் சற்றே சாய்த்து வைத்த ஒரு நடுவயது மனிதரின் உருவம். 'என் வழியிலேயே நடந்தேன்' என்று பெருமிதத்தோடு சொல்லும் 'மை வே' பாட்டை 1969-இல் வெளியிட்டவர் அவர். விடுதி அறைகளில் இன்றும் ஒலிப்பது அந்தப் பாட்டுத்தான். ஆனால் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, பிறர் வகுத்த வழியில் அடங்கி நடந்து அவர் பாடிய இசைத்தட்டுகளை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கேட்ட சிலரும், "அது பயிற்சிக் காலம், உண்மையான சினாட்ரா பிறகுதான் வருகிறார்" என்று தள்ளிவிடுகின்றனர். இந்தத் தீர்ப்பை நான் ஏற்பதற்கில்லை.

1915-இல் அமெரிக்காவின் ஹோபோகன் நகரில் பிறந்தவர் சினாட்ரா. நியூஜெர்சியில் ஒரு சாலையோர உணவு விடுதியில் பாடிக்கொண்டிருந்தவரை, டிரம்பெட் கலைஞர் ஹாரி ஜேம்ஸ் 1939-இல் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். அவ்வாண்டு ஜூலையில் முதல் தட்டுகள் பதிவாயின. அப்போது சினாட்ராவுக்கு வயது 23. எனக்கும் இப்போது அதே வயது என்பதால், அந்தத் தட்டுகளைக் கேட்கும்போது எனக்கு ஒரு தனி அக்கறை உண்டு. 1940 தொடக்கத்தில் டிராம்போன் கலைஞர் டாமி டோர்ஸியின் குழுவுக்கு மாறி, 1942 செப்டம்பர் வரை அங்கே இருந்து, எண்பதுக்கு மேற்பட்ட பாட்டுகளைப் பதிவு செய்தார்.

அந்தக் காலத்துத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். அதில் முதல் உரிமை நடனமாடுவோருக்கு. அடுத்த உரிமை குழுவுக்கு. பெரும்பாலான பாட்டுகளில் முதலில் வாத்தியங்கள் மெட்டை வாசித்து முடிக்கும். பாடகர் அதுவரை காத்திருந்து, தமக்குரிய ஒரு சுற்றைப் பாடிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். தட்டின் நடுவே ஒட்டிய சீட்டில் டோர்ஸியின் பெயர் பெரிதாக இருக்கும். பாடியவர் பெயர் கீழே சிற்றெழுத்தில் இருக்கும்.

இந்த அடக்கத்தால் அவருக்குக் கிடைத்தது என்ன? மூச்சு! டோர்ஸி நீண்ட இசைத் தொடரை இடையில் அறுக்காமல் டிராம்போனில் வாசிப்பார். எங்கே மூச்சு வாங்குகிறார் என்பது எளிதில் புலப்படாது. வாயின் ஓரத்தால் அவர் சிறிது சிறிதாகக் காற்றை இழுப்பதை மேடையில் பின்னால் அமர்ந்து கவனித்துக் கற்றதாகச் சினாட்ராவே பிற்காலத்தில் சொன்னார். நுரையீரலை வலுப்படுத்த நீருக்கடியில் நீந்தியும் பழகினார். 1925 முதல் மின்சார ஒலிப்பதிவு வந்ததால், தொண்டை கிழியக் கத்தாமல் காதோடு பேசுவதுபோல் பாட வழி பிறந்தது. ஆனால் மைக் கொஞ்சலை மட்டுமா வாங்கும்? திணறலையும் வாங்கும். பொருள் முடியும் இடத்தில்தான் மூச்சு முடிய வேண்டும் என்பதை அவருக்குக் கற்பித்தது ஒரு பித்தளைக் குழாய் என்பது வியப்பன்றோ?

1940 மே 23-இல் பதிவான 'ஐ'ல் நெவர் ஸ்மைல் அகெய்ன்' பாட்டைக் கேளுங்கள். கணவரை இழந்த ரூத் லோ என்ற கனடியப் பெண்மணி இயற்றியது அது. 'பைட் பைப்பர்ஸ்' குழுவின் நான்கு குரல்களோடு ஐந்தாவது குரலாக இணைந்து, பின் சிறிது தனித்து, மீண்டும் இணைகிறார் சினாட்ரா. தட்டு விற்பனையைக் கணக்கிட்டு 'பில்போர்டு' இதழ் அவ்வாண்டு ஜூலையில் வெளியிட்ட முதல் பட்டியலில் முதலிடம் பெற்ற பாட்டு இதுவே. 12 வாரம் அந்த இடத்தில் நின்றது. ஐவரில் ஒருவராகப் பாடியபோதுதான் அவருக்கு முதல் பெருவெற்றி வந்தது!

பெயரைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ஹாரி ஜேம்ஸ் குழுவோடு 1939-இல் பதிவான 'ஆல் ஆர் நத்திங் அட் ஆல்' அப்போது சில ஆயிரமே விற்றது. 1942 ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவை நிறுத்தியதால் புதிய தட்டுகளுக்குப் பஞ்சம் வந்தது. 1943-இல் கொலம்பியா நிறுவனம் அந்தப் பழைய பதிவையே, சினாட்ராவின் பெயரை முன்னிறுத்தி மீண்டும் வெளியிட்டது. பத்து லட்சம் அளவில் விற்றது! பதிவில் ஒரு சுரமும் மாறவில்லை; மாறியது சீட்டும் ஊராரின் செவியுமே.

குருவின் புகழை மட்டும் பாடிவிட்டு நான் நிறுத்தினால் அது நேர்மையாகாது. சினாட்ரா விலகியபோது, அவருடைய வருங்கால வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு டோர்ஸிக்கும், பத்தில் ஒரு பங்கு டோர்ஸியின் மேலாளருக்கும் போக வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தது. 1943-இல் பெருந்தொகை கொடுத்தே அந்தக் கட்டு அவிழ்ந்தது. ஹாரி ஜேம்ஸோ, ஒப்பந்தக் காலம் முடியாதிருந்தும் தடை சொல்லாமல் வழியனுப்பி வைத்தார். கற்றுக்கொடுத்தவருக்கு மாணவன் கடன்பட்டவன்தான். ஆனால் அந்தக் கடனுக்கு அடிமைச் சீட்டு எழுதித் தரவேண்டியதில்லை.

ஊரைவிட்டு வந்து ஆய்வுக்கூடங்களில் உழைக்கும் நமக்கு இந்த இரண்டு பாடமும் வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் நம் பெயர் ஐந்தாவதாக வந்தால் வாடிப்போகிறோம், "உனக்கென்று எதைச் செய்தாய்?" என்று வீட்டார் கேட்டால் விடை சொல்லத் தயங்குகிறோம். கைத்திறன் வளரும் காலத்தில் பெயர் சிறிதாக இருப்பதில் இழிவில்லை. அதே வேளையில், கைத்திறன் வளர்ந்த பிறகும் ஒருவரைக் கட்டிவைப்பது எந்த ஆசானுக்கும் அழகில்லை.

ஆகவே நண்பர்களே, அந்தத் தட்டுகளைக் கேட்கும்போது அவர் குரல் வரும் இடத்துக்குத் தாவிவிடாதீர்கள். தொடக்கத்தில் டோர்ஸி வாசிப்பதையும் பொறுமையாகக் கேளுங்கள். பின்னே வரும் குரல் எங்கிருந்து மூச்சு வாங்கியது என்பது விளங்கும்.